வாவிக்கரையில் நோயாளரின் இரகசியம்: மட்டக்களப்புப் பிரதேசக் கிளினிக்குகள் பற்றிய ஓர் ஆய்வு

நோயாளர் ஒருவரின் அந்தரங்கம் எனப்படுவது, அவருடைய உடல் பிறர் பார்வைக்கு வராமல் மறைக்கப்படுவதையும், அவருடைய நோய், பரிசோதனை முடிவு, மருந்து, குடும்ப வரலாறு ஆகியவை பற்றிய செய்தி சிகிச்சைக்குத் தேவையானவர்களைத் தாண்டிச் செல்லாமல் காக்கப்படுவதையும் ஒருங்கே குறிக்கும். முன்னையதை உடல் அந்தரங்கம் என்றும் பின்னையதை மருத்துவ இரகசியம் என்றும் பிரித்து வழங்கலாம். அண்மைக் காலத்தில் இவை பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் கணினித் தரவுத்தளம், இணையவழித் திருட்டு ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. பெருநகர வைத்தியசாலைகளுக்கு அது பொருந்தக்கூடும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள கிளினிக்குகளை எடுத்துக்கொண்டால், இரகசியம் கசியும் வழி வேறாக இருக்கிறது. வரிசை, யன்னல், கொப்பி, உரத்துக் கூப்பிடப்படும் பெயர், மொழிபெயர்க்க அழைக்கப்படும் மூன்றாம் ஆள், வளவின் முன் வந்து நிற்கும் உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள் என்பனவே இங்கு செய்தியை வெளியே கொண்டுசெல்கின்றன. ஆகவே சட்டத்தையும் கணினியையும் மட்டும் நம்பி இப்பிரதேசத்து நோயாளரின் இரகசியத்தைக் காக்க முடியாது என்பதும், கிளினிக்கின் அன்றாட ஒழுங்கிலும் ஊரின் உறவமைப்பை அறிந்து நடப்பதிலும் இருந்தே அந்தக் காப்புத் தொடங்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

வாவியும் உறவும்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவி, கடலோரமான எழுவான்கரையையும் வயலும் குளமுமான படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கிறது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆகிய ஊர்களின் வைத்தியசாலைகளும் கடலோரப் பக்கத்தில் அமைந்திருக்க, படுவான்கரை மக்கள் மகிழடித்தீவு போன்ற சிறிய வைத்தியசாலைகளையும், விசேட சிகிச்சைக்கு வாவி கடந்து செல்லும் பயணத்தையும் நம்பியிருக்கின்றனர். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை அப்பயணம் அங்கு நீர்வழியையே சார்ந்திருந்தது. ஒரே ஊரார் ஒரே நாளில் ஒரே வாகனத்தில் கிளினிக்குக்குச் சென்று திரும்பும்போது, இன்னார் எந்த நாளில் எந்தக் கிளினிக்குக்குப் போகிறார் என்பதை மறைப்பது இயலாத காரியமாகிறது. வைத்தியசாலைகளில் நாளுக்கொரு நோய்க்கெனக் கிளினிக் நடைபெறுவதால், நாளைச் சொன்னாலே நோயைச் சொன்னதாகிவிடுகிறது.

இதனோடு உறவமைப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இப்பிரதேசத்தின் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழியாக வரும் குடி என்னும் வமிசப் பிரிவு நெடுங்காலமாக இருந்துவருகிறது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவதும், மணமான பெண் தாயின் வளவிலோ அதற்கு அண்மையிலோ வாழ்வதும், கணவன் அங்கு வந்து சேர்வதும் வழக்கம். அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த அமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார். மருத்துவ இரகசியத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு தெளிவானது: ஒரு பெண்ணின் வீட்டைச் சுற்றி அவளுடைய தாய், சகோதரிகள், தாயின் சகோதரிகள் ஆகியோரின் வீடுகள் இருக்கின்றன, நோயுற்ற காலத்தில் அவளைத் தாங்குவதும் அந்த வட்டமே, அவளுடைய செய்தியைப் பரப்புவதும் அந்த வட்டமே. கிளினிக்கில் பெயர் பதிபவர், மருந்து கொடுப்பவர், இரத்தம் எடுப்பவர், தரை துடைப்பவர் ஆகியோரும் பெரும்பாலும் அயலூரவர். அவர்களில் ஒருவராவது நோயாளருக்கு ஏதோ ஒரு முறையில் உறவினராகவோ, உறவினரின் அயலவராகவோ இருப்பார். அந்நியர் நடுவே ஆள் அறியாமல் மறைந்திருக்கும் வசதி நகரவாசிக்குத் தானாகக் கிடைக்கிறது. வாவிக்கரை நோயாளருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவருக்காக நிறுவனம் எடுக்கவேண்டிய முயற்சி கூடுதலானது.

கசிந்த செய்தி எங்கே போய்த் தைக்கிறது என்று கேட்டால், முதல் விடை கலியாணம் என்பதே. வலிப்பு, மனநோய், காசநோய், தொழுநோய், குழந்தைப்பேறின்மை ஆகிய எதுவாயினும், அது நோயாளரின் கலியாணத்தை மட்டுமல்ல, அவருடைய சகோதரியின், சகோதரியின் மகளின் கலியாணப் பேச்சையும் தொடும். ஒரு நோய்க் குறிப்பு ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கு உரிய சொத்துப் போலவே பேசப்படுகிறது. நோயாளர் ஒருவரே தம் தகவலின் உரிமையாளர் என்று கருதும் சட்டக் கோட்பாட்டுக்கும், வீட்டாருக்குத் தெரியாத நோய் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதையே ஏற்காத ஊர்வழக்குக்கும் இடையில்தான் வைத்தியரும் தாதியரும் நாள்தோறும் நிற்கின்றனர்.

மாந்தீவு விட்டுச்சென்றது

நோயை வெளிப்படுத்துவதையே சிகிச்சையின் நிபந்தனையாக்கிய ஒரு காலத்தின் சின்னம் இந்த வாவிக்குள்ளேயே இருக்கிறது. ஒல்லாந்தர் 1708 இல் கொழும்புக்கு அண்மையில் ஹெந்தளையில் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலையை அடுத்து, இலங்கையின் இரண்டாவது தொழுநோய் வைத்தியசாலையாக மட்டக்களப்பு வாவியின் மாந்தீவு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்கப்பட்டது. தொழுநோயாளரைத் தனிமைப்படுத்த அதிகாரம் அளித்த 1901 இன் கட்டளைச் சட்டம் அதற்கு அடிப்படையாக இருந்தது. நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த தீவுக்கு ஒருவரைப் படகில் ஏற்றிச் செல்வதைவிட வெளிப்படையான நோய் அறிவிப்பு வேறு இருக்கமுடியாது. அவருடைய பெயரை எந்தப் பதிவேட்டில் எவ்வளவு கவனமாக மறைத்தாலும், படகுத்துறையில் நின்றவர்கள் யாவரும் அதை அறிந்தனர். அவருடைய வீட்டார் அன்றிலிருந்து அந்த வீட்டாராகவே அறியப்பட்டனர்.

பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் கூட்டுமருந்துச் சிகிச்சை 1980களில் இலங்கைக்கு வந்தபின், நோய் முழுமையாகக் குணமாகும் ஒன்றாயிற்று. சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே தொற்றும் தன்மை அற்றுப்போவதால் தனிமைப்படுத்தலுக்கான மருத்துவக் காரணமும் ஒழிந்தது. 1990களின் நடுப்பகுதியில் நாடு, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையை எட்டியது. ஆயினும் புதிய நோயாளர் ஆண்டுதோறும் கண்டறியப்பட்டே வருகின்றனர். கிழக்கு மாகாணமும் அதில் பங்குடையது. இன்று தொழுநோய்க்கு மருந்து பெறுபவர் தீவுக்குச் செல்வதில்லை, தோல் நோய்க் கிளினிக்குக்குச் செல்கிறார். வகைக்கேற்ப ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை விழுங்கினால் போதும். ஆனால் மரத்துப்போன வெளிறிய தழும்பைக் கண்டவர் கிளினிக்குக்கு வரத் தயங்கும் ஒவ்வொரு மாதமும் நரம்பு சிதைகிறது, விரல் மடங்குகிறது, பாதம் உணர்விழக்கிறது. மருந்து இலவசமாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கையில் அவரைத் தடுப்பது அறியாமையும் அச்சமும். அச்சத்தின் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதல்ல, யார் பார்ப்பார்கள் என்பதைப் பற்றியது. இந்த இடத்தில் இரகசியம் காத்தல் என்பது நோயாளருக்குக் காட்டும் மரியாதை மட்டுமாக நிற்காமல், உடற்குறையைத் தடுக்கும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிறது.

இன்னொரு சிக்கலும் இங்கு உண்டு. தொழுநோயிலும் காசநோயிலும் நோயாளரோடு நெருங்கி வாழ்பவர்களைப் பரிசோதிப்பது அவசியம். அதற்கு வீட்டாருக்கு ஏதாவது சொல்லியாகவேண்டும். எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது, நோயாளர் தாமே சொல்ல எவ்வளவு அவகாசம் கொடுப்பது என்பவை பொதுச் சுகாதார பரிசோதகரின் விவேகத்துக்கு விடப்படுகின்றன. ஒரு வீட்டை மட்டும் தேடிச் செல்லாமல் ஒழுங்கையின் எல்லா வீடுகளிலும் தோல் பரிசோதனை நடத்துவது, பாடசாலையில் ஒரு மாணவரை மட்டும் அழைக்காமல் வகுப்பு முழுவதையும் பார்ப்பது ஆகிய முறைகள் தொற்றையும் தேடுகின்றன, ஆளையும் மறைக்கின்றன. கூடுதல் வேலை என்பது உண்மை. அதற்குரிய ஆளணியைத் தராமல் அந்த வேலையை எதிர்பார்ப்பது நியாயமன்று.

பழைய சமூகம் எல்லா நோயையும் மறைத்தது என்றும் கருதிவிடக்கூடாது. அம்மாள் வருத்தம் எனப்படும் அம்மை நோய் கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவது, இங்கு நோய் உண்டு என்று ஊருக்குச் சொல்வதேயாகும். கண்ணகி வழிபாடு ஊன்றிய இப்பிரதேசத்தில், வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் ஊர்களில், அந்த நோய்க்கு இழிவு ஒட்டவில்லை. அறிவிப்பு நோயாளரைத் தாழ்த்தாமல் அவருக்கு ஓய்வையும் மற்றவருக்கு எச்சரிக்கையையும் தந்தது. ஆகவே இரகசியத்தின் தேவை நோயின் தன்மையைவிட அந்த நோயின் மேல் ஊர் ஏற்றிய பொருளையே சார்ந்திருக்கிறது. எந்தத் தகவல் எவ்வளவு காக்கப்படவேண்டும் என்பதை நோயாளரிடமே கேட்டு அறிவதைத் தவிர வைத்தியருக்கு வேறு அளவுகோல் இல்லை.

கிளினிக்கின் உள்ளே

அரச வைத்தியசாலையின் கிளினிக் ஒன்று நடக்கும் முறையைப் படிப்படியாக நோக்கினால், கசிவு எங்கெங்கு நிகழ்கிறது என்பது புலனாகும். நோயாளர் விடியற்காலையில் வந்து நம்பர் எடுக்கிறார்; கொப்பிகள் ஒரு மேசையில் அடுக்கப்படுகின்றன; நிறையும் இரத்த அழுத்தமும் வாங்கில் அமர்ந்திருப்போர் கேட்கவே வாசிக்கப்படுகின்றன; பின்னர் பெயர் கூப்பிடப்படுகிறது. வைத்தியரின் அறையில் பல இடங்களில் இரண்டு மேசைகள் இருக்கும், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நோயாளர் அமர்ந்திருக்க அடுத்தவர் அருகிலேயே நிற்பார். போதனா வைத்தியசாலையாயின் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்களும் தாதிய மாணவர்களும் சூழ நிற்பர். அவர்கள் கற்கவேண்டியது நாட்டின் தேவை, ஆனால் அவர்கள் முன்னிலையில் ஆடை நீக்கவோ பேசவோ நோயாளரின் சம்மதம் தேவை என்பதும், மறுத்தால் சிகிச்சையில் குறை நேராது என்பதும் அவருக்குச் சொல்லப்படவேண்டும். இறுதியாக மருந்து யன்னலில், இது எதற்கு, எத்தனை நேரம் என்பது கண்ணாடித் துளையினூடாக உரத்துச் சொல்லப்படுகிறது. வைத்தியரின் அறைக்குள் தாழ்ந்த குரலில் காக்கப்பட்டதெல்லாம் அந்த யன்னலில் வெளியாகிவிடுகிறது.

கிளினிக் கொப்பி தனியே ஆராயத்தக்கது. இலங்கையின் அரச கிளினிக்குகளில் நீண்டகால நோயாளரின் விபரங்கள் அவரிடமே இருக்கும் கொப்பியிலும், கர்ப்பிணித் தாயின் விபரங்கள் எச் 512 என்ற அட்டையிலும், பிள்ளையின் விபரங்கள் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலும் எழுதப்படுகின்றன. தகவல் நோயாளரின் கையிலேயே இருப்பது கொள்கையளவில் சிறந்ததே. எந்த வைத்தியசாலைக்குச் சென்றாலும் வரலாறு கூடவே வரும். ஆனால் அக்கொப்பி வீட்டில் எல்லோரும் புழங்கும் அலுமாரியில் இருக்கிறது, மழையில் நனைகிறது, நடக்க முடியாதவருக்காக மருந்து எடுக்கச் செல்லும் அயலவரின் பையில், வேறு பல கொப்பிகளோடு பயணம் செய்கிறது. மேலும் அதில் எழுதப்படுவது ஆங்கிலத்தில். தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே வாசிக்க முடியாத முதியவர் அதைத் தெரிந்துகொள்ள உயர்தரம் படிக்கும் பேரனிடம் கொடுக்கவேண்டியிருக்கிறது. இரகசியத்தின் சொந்தக்காரருக்கே கடைசியில்தான் செய்தி தெரிகிறது. கொப்பியின் வெளி அட்டையில் கிளினிக்கின் பெயரை எழுதாமல் நிறத்தாலும் இலக்கத்தாலும் பிரிப்பதும், உள்ளே ஒரு பக்கத்தையாவது தமிழில் எழுதிக் கொடுப்பதும் செலவில்லாத திருத்தங்கள்.

மொழியினால் வரும் இன்னொரு கசிவு, இப்பிரதேசத்தில் பேசப்படவேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை. சிங்களம் பேசும் வைத்தியர்கள் நியமனம் பெற்று வந்து அக்கறையோடு பணியாற்றுகின்றனர். அவர்களுள் பலர் தமிழும் கற்றுக்கொள்கின்றனர். ஆயினும் முதல் மாதங்களில் நோயாளர் சொல்வதை விளங்கிக்கொள்ள அருகில் நிற்கும் சிற்றூழியரையோ, வரிசையில் நிற்கும் இரு மொழி தெரிந்த ஒருவரையோ அழைக்க நேர்கிறது. மாதவிலக்கு, பாலுறவு, வீட்டு வன்முறை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை ஊரவர் ஒருவர் வாயினூடாகச் சொல்ல எந்தப் பெண்ணும் முன்வரமாட்டாள். தலையிடி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். தலையிடி என்றே கொப்பியிலும் பதியப்படும். இரகசியம் இல்லாத இடத்தில் தகவலே பிறப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பயிற்சிபெற்று, இரகசிய உறுதி எடுத்த மருத்துவ மொழிபெயர்ப்பாளர் என்னும் பதவி கிழக்கு மாகாண வைத்தியசாலைகளுக்கு ஓர் ஆடம்பரமன்று.

இந்தக் குறைகளுக்கு மாறான முன்மாதிரி வெளியே தேடவேண்டியதில்லை. பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் நோயாளரைப் பெயரால் அழைக்காமல் பதிவிலக்கத்தால் அழைப்பதையும், கோவைகளைத் தனியாகப் பூட்டிவைப்பதையும், சம்மதம் கேட்டே பரிசோதிப்பதையும் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகின்றன. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக வைத்தியசாலைகளில் அமைக்கப்பட்டுள்ள நட்பு நிலையங்களும், சிங்களத்தில் மிதுறு பியச எனப்படுபவை, தனி அறையும் தனி உரையாடலும் என்ற அடிப்படையில் இயங்குகின்றன. ஒரு கட்டடத்தின் ஒரு மூலையில் இயலும் ஒழுங்கு, அதே கட்டடத்தின் நீரிழிவுக் கிளினிக்கில் ஏன் இயலாது என்பது கேட்கப்படவேண்டிய கேள்வி. பணம் உள்ளவர் மாலையில் தனியார் நிலையத்தில் சனல் செய்து அதே வைத்தியரைக் கதவு மூடிய அறையில் சந்திக்கிறார். மருந்து இலவசமாகவும் அந்தரங்கம் விலைக்கும் கிடைக்கும் இந்த நிலையை இயல்பானதாக ஏற்றுக்கொள்வது, இலவச மருத்துவத்தில் பெருமை கொள்ளும் நாட்டுக்குத் தகாது.

குடும்பநல உத்தியோகத்தர்

கிளினிக் வீட்டுக்கு வருவதும் இலங்கையின் சிறப்பு. களுத்துறையில் 1926 இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ், குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகச் சென்று தாய் சேய் நலத்தைக் கவனிக்கின்றனர். ஒரு பிரிவின் எந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள், யாருக்குக் கருச்சிதைவு நேர்ந்தது, யார் எந்தக் கருத்தடை முறையைக் கையாள்கிறார் என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். இவ்வளவு செறிந்த தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஊரிலேயே பலகாலம் வாழ்ந்து, வாய் திறவாமல் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் ஏராளம். இலங்கையின் தாய் இறப்பு வீதம் தெற்காசியாவில் மிகத் தாழ்ந்தவற்றுள் ஒன்றாக இருப்பதற்கு அந்த மௌனத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று துணிந்து கூறலாம். ஆனால் அவர் வீட்டில் பேசும்போது தனிமை கிடைப்பதில்லை. வேறிடங்களில் மாமியார் அருகில் இருப்பார் என்றால், தாய்வழிக் குடியிருப்புள்ள இப்பிரதேசத்தில் தாயும் தமக்கையும் திண்ணையில் இருப்பார்கள். கருத்தடை பற்றிய கணவன் மனைவியின் முடிவு அங்கேயே குடும்பப் பேச்சாகிவிடும். பிள்ளையின் நிறையை எடுக்கும் கிளினிக் நாளில் ஐந்து நிமிடம் தனியாகப் பேச ஓர் இடம் ஒதுக்குவது, பத்து வீட்டு வருகைகளைவிடப் பயன்தரும்.

மிகக் கடினமான நிலை இளவயதுக் கர்ப்பம். தண்டனைச் சட்டக்கோவையின்படி 16 வயதுக்குக் குறைந்த பெண்ணுடனான பாலுறவு, அவள் சம்மதித்தாலும், வன்புணர்ச்சியாகக் கருதப்படும் குற்றமாகும். ஆகவே அத்தகைய சிறுமி கருவுற்று வைத்தியசாலைக்கு வந்தால் செய்தி பொலிசுக்கும் சிறுவர் நன்னடத்தைப் பிரிவுக்கும் செல்கிறது. சிறுமியைக் காக்கவே இந்த ஏற்பாடு. அது வேண்டாம் என்று எவரும் சொல்லமுடியாது. ஆயினும் பொலிசு என்ற சொல்லுக்கு அஞ்சிக் குடும்பம் அவளைக் கிளினிக்குக்குக் கொண்டுவராமல் ஒளித்துவைக்குமானால், காப்பே அபாயமாக மாறுகிறது. சட்டத்தின்படி சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டியவருக்கு மட்டும், எழுத்தில், முத்திரையிட்டுச் சொல்வதற்கும், விடுதி முழுவதும் அறியச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடே இங்கு முக்கியம். முன்னையது கடமை, பின்னையது அந்தச் சிறுமிக்குச் செய்யப்படும் இரண்டாவது தீங்கு.

சட்டம் தருவதும் தராததும்

1978 இன் அரசியலமைப்பு அந்தரங்க உரிமையை ஓர் அடிப்படை உரிமையாக வெளிப்படையாகக் கூறவில்லை. உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் வழியே, ஒருவருடைய மானத்துக்கு இழைக்கப்படும் ஊறுக்கு எதிராகக் குடியியல் வழக்குத் தொடுக்க இடமுண்டு. தகவல் அறியும் உரிமைக்கான 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றி வெளியிட மறுக்க இடமளிக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகக் கொண்டு கூடுதல் காப்பு அளிக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. மறுபுறத்தில், தொற்றுநோய்த் தடுப்புக்கான 1897 இன் கட்டளைச் சட்டம் குறிப்பிட்ட நோய்களை அறிவிக்குமாறு வைத்தியரைக் கட்டாயப்படுத்துகிறது. 1895 இன் சான்றுக் கட்டளைச் சட்டமோ சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சைக் காப்பதுபோல் வைத்தியருக்கும் நோயாளருக்கும் இடையிலான பேச்சைக் காப்பதில்லை. நீதிமன்றம் கேட்டால் வைத்தியர் சொல்லவேண்டும்.

இரகசியத்துக்கும் பிறர் நலனுக்கும் இடையிலான மோதல் கலியாணத்தில்தான் கூர்மையடைகிறது. இந்தியாவில், இரத்ததானத்தின்போது கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்றுச் செய்தி வெளியாகித் தமது கலியாணம் முறிந்ததென மருத்துவமனைக்கு எதிராக ஒருவர் தொடுத்த வழக்கில், மணப்பெண்ணின் உடல்நல உரிமையை முன்னிறுத்தி, வெளிப்படுத்தியது தவறன்று என உச்ச நீதிமன்றம் 1998 இல் தீர்த்தது. அத்தகையோரின் மண உரிமை பற்றி அத்தீர்ப்பில் கூறப்பட்டவற்றை 2002 இல் அதே நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. தீர்ப்பின் நியாயம் விளங்கக்கூடியதே. ஆனால் மணப்பெண் அறிவதும் ஊர் அறிவதும் ஒன்றல்ல என்ற வேறுபாட்டுக்கு அது போதிய இடம் தரவில்லை. செய்தி கூட அல்ல, வெறும் வதந்தியே என்ன செய்யும் என்பதை இலங்கை 2016 இல் கண்டது: வடமேல் மாகாணத்தில் எச்.ஐ.வி. உள்ளதாகப் பேசப்பட்ட ஒரு சிறுவனுக்குப் பாடசாலை அனுமதி கிடைக்காமற்போக, விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று அவனது கல்வி உரிமை உறுதிசெய்யப்படவேண்டியிருந்தது.

சட்டங்கள் யாவும் ஆவணத்தை மனத்திற்கொண்டவை. நடையில் நின்று பேசிய பேச்சுக்கும், பரிசோதனை அறிக்கையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் வைத்தியருக்கு அனுப்பிய நல்லெண்ணச் செயலுக்கும் அவை எளிதில் எட்டுவதில்லை. அந்தப் படத்தில் பெயரும் வயதும் விலாசமும் இருக்கும்; குழுவில் இருப்போர் மாற்றலாகிச் சென்ற பின்னும் படம் அவர்களுடைய தொலைபேசியில் இருக்கும். பெயரை மறைத்து அனுப்புவது ஒரு விரலளவு வேலை என்பதால், அதைச் செய்யாமைக்கு அவசரம் ஒரு காரணமாகாது.

போரும் அழிவும் கற்பித்தவை

போர்க்காலத்தில் இப்பிரதேசத்தின் வைத்தியசாலைகளில் ஒரு காயமே போதுமான சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படக்கூடிய நிலை இருந்தது. எங்கே, எப்படி நேர்ந்தது என்ற கேள்விக்கு விடைசொல்ல அஞ்சிய தலைமுறை அது. அரச பதிவேட்டில் பெயர் ஏறுவதைத் தவிர்க்கும் பழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. கிளினிக்கில் மெய்யான விலாசத்தைச் சொல்லத் தயங்கும் முதியவரைப் பொய்யர் என்று கொள்வது அந்த வரலாற்றை அறியாமையாகும். 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடிப் பகுதிகளை அழித்தபின், உளசமூகப் பணிக்கென வந்த பல நிறுவனங்கள் ஒரே தாயிடம் ஒரே இழப்பை மீண்டும் மீண்டும் கேட்டுப் படிவங்களில் எழுதின; அந்தப் படிவங்கள், நிறுவனங்கள் வெளியேறிய பின், எங்கு சென்றன என்பதை அந்தத் தாய்மாருக்கு எவரும் சொல்லவில்லை. துயரமும் ஒரு மருத்துவத் தகவலே. அதைச் சேர்ப்பவர் அதை அழிக்கும் நாளையும் சேர்க்கும்போதே குறித்தாகவேண்டும்.

மரணத்தின் பின்

உலக மருத்துவ சங்கத்தின் 1948 இன் ஜெனீவாப் பிரகடனம் நோயாளரின் இரகசியத்தை மதிக்குமாறு வைத்தியரைப் பணித்தது. நோயாளர் இறந்த பின்னும் அது தொடரும் என்பது 1968 இல் சேர்க்கப்பட்டது. இந்தக் கோட்பாடு மிகக் கடுமையாக மீறப்பட்டது கொவிட் காலத்தில். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றோடு இறந்த யாவரும் எரிக்கப்படவேண்டும் என்ற கட்டளை நடைமுறையில் இருந்தது. உடலை அடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு, இறந்தவரின் பரிசோதனை முடிவு மருத்துவத் தகவலாக இருக்கவில்லை, ஈமக்கடனைப் பறிக்கும் ஆணையாக இருந்தது. 2021 மார்ச்சில் அடக்கம் தொடங்கியபோது நாடெங்கும் இருந்து உடல்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்கே கொண்டுவரப்பட்டன. அரசாங்கம் 2024 இல் மன்னிப்புக் கோரியது. பரிசோதனை முடிவு சிகிச்சைக்கு அப்பாற்பட்ட தண்டனையொன்றோடு பிணைக்கப்பட்டால் மக்கள் பரிசோதனையிலிருந்தே விலகிப்போவர் என்ற பாடத்துக்கு அந்தப் பத்து மாதங்கள் போதும்.

சாதாரண காலத்திலும் இறந்தவரின் இரகசியம் காக்கப்படுவதில்லை. இலங்கையின் மரணச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் எழுதப்படுகிறது. அந்தச் சான்றிதழின் பிரதி வங்கிக்கும், ஓய்வூதியத்துக்கும், காணி உறுதி மாற்றத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும், பிள்ளையின் பாடசாலைக்கும் கொடுக்கப்படவேண்டியிருப்பதால், தற்கொலையோ, ஈரல் நோயோ, எச்.ஐ.வி.யோ ஒவ்வொரு மேசையிலும் வாசிக்கப்படுகிறது; போட்டோப் பிரதி எடுக்கும் கடையிலும் வாசிக்கப்படுகிறது. கணவனை இழந்த பெண்ணொருத்தி ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்தக் காரணத்துக்கு விளக்கம் சொல்லவேண்டியவளாகிறாள். இலங்கைக்குத் தன் சட்டத்தின் ஒரு பகுதியைத் தந்த நெதர்லாந்தில், இறந்தார் என்ற சான்று குடியியல் பதிவாளருக்கும், இறப்புக்கான காரணம் மூடிய உறையில் புள்ளிவிபரப் பணியகத்துக்கும் தனித்தனியே செல்கின்றன. அவ்வாறே இங்கும் காரணம் குறிக்கப்படாத ஒரு சுருக்கச் சான்றிதழைப் பதிவாளர் வழங்க முடியும். வங்கிக்கும் பாடசாலைக்கும் தேவைப்படுவது இறந்தார் என்ற உண்மையும் நாளுமே.